மூன்கேக்குக்கு வெளியே இருக்கும் அறுவடை: சீனாவின் நடு இலையுதிர்கால விழா

2024இல் செப்டம்பர் 17. 2025இல் அக்டோபர் 6. 2026இல் செப்டம்பர் 25. சீனர்களின் நடு இலையுதிர்கால விழா ஒவ்வோர் ஆண்டும் இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பெயரும் ஒன்றாக இல்லை. ஒரு செய்தியில் அது அறுவடை விழா, இன்னொன்றில் நிலா விழா, மற்றொன்றில் மூன்கேக் விழா. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விளக்கு விழா என்றும் சொல்வார்கள். மூன்கேக் என்பது பூரணம் வைத்த சீனப் பணியாரம்; சீன அரசு அதன் பெட்டிக்கு எத்தனை அடுக்கு உறை இருக்கலாம் என்று விதி போட்டதாகவும் செய்தி வருகிறது. ஒரு தின்பண்டத்துக்கு இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கத் தோன்றும்.

தேதியிலிருந்து தொடங்கினால் மற்றவை ஒவ்வொன்றாகப் புரியும்.

தேதி எப்படி முடிவாகிறது?

சீனப் பஞ்சாங்கம் நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடுவது. அந்த வகையில் நம்முடைய சூரிய மாதக் கணக்கைவிட, தெலுங்கு, கன்னட மக்களின் சாந்திரமானக் கணக்குக்கே அது நெருக்கம்.

1. அமாவாசை நிகழும் நாளே மாதத்தின் முதல் நாள். எனவே 15ஆம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும்.

2. ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதங்கள் இலையுதிர்காலம். எட்டாம் மாதம் அதன் நடு. 15ஆம் நாள் அந்த மாதத்தின் நடு. விழாவின் பெயர் சொல்வது இதைத்தான்.

3. பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் 23 வாக்கிலான நாள் எட்டாம் மாதத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். அப்படியானால் அந்த மாதம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 23 வாக்கில் வரை எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம். விழா செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கும் அக்டோபர் முதல் வாரத்தின் இறுதிக்கும் இடையே அலைவது இதனால்தான்.

4. பன்னிரண்டு நிலா மாதங்கள் சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. இந்தக் குறையை ஈடுகட்ட 19 ஆண்டுகளில் ஏழு முறை ஓர் அதிக மாதம் நுழைக்கப்படும். 2025இல் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்தது. விழா அக்டோபருக்குத் தள்ளிப்போய், தேசிய தின விடுமுறையோடு சேர்ந்து எட்டு நாள் விடுப்பானது.

விளக்கு விழா என்ற பெயரால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சீனாவில் அந்தப் பெயருக்கு உரியது முதல் மாதப் பௌர்ணமி. புத்தாண்டுக் கொண்டாட்டங்களை முடித்துவைக்கும் நாள். நடு இலையுதிர்கால விழாவிலும் குழந்தைகள் விளக்கேந்திப் போவதால் தென்கிழக்காசியாவில் பெயர் கலந்துவிட்டது.

ஒரே இரவில் சேர்ந்த மூன்று வழக்கங்கள்

இதை 'அறுவடை விழா' என்று சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி உண்மைதான். மூன்று தனித்தனி வழக்கங்கள் காலப்போக்கில் ஒரே இரவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

முதலாவது நிலா வழிபாடு. வசந்தத்தில் சூரியனுக்கும் இலையுதிர்காலத்தில் நிலவுக்கும் பேரரசர் படையலிடுவது மிகப் பழைய அரசச் சடங்கு. இதற்கென மிங் பேரரசு 1530இல் கட்டிய நிலாக் கோயில் இன்றும் பெய்ஜிங்கில் ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது. அரண்மனைச் சடங்கு வீட்டு முற்றத்துக்கு வந்தபோது பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 'ஆண் நிலவை வணங்குவதில்லை, பெண் அடுப்புத் தெய்வத்துக்குப் படைப்பதில்லை' என்று ஒரு பழைய சொலவடை உண்டு.

இரண்டாவது அறுவடை. விளைச்சலுக்கு நன்றியாக மண்ணின் தெய்வத்துக்குப் படைக்கும் இலையுதிர்காலச் சடங்கு வேறொரு நாளில் தனியாக நடந்துவந்தது. அதன் சாயல் இந்த இரவிலும் படிந்தது. வானமும் இதற்கு ஒத்துழைக்கிறது. நிலவு சராசரியாக ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் பிந்தி எழும். வடக்கே நடு அட்சரேகைகளில், இந்தப் பருவத்துப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும், பிந்தும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். சூரியன் மறையும் வேளையிலேயே பெரிய நிலவு அடுத்தடுத்த மாலைகளில் எழுவதால், இருட்டிய பிறகும் வயலில் வேலை செய்ய வெளிச்சம் கிடைக்கும். தமிழ்நாட்டைப் போல நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் ஊர்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

மூன்றாவது, குடும்பம் ஒன்றுகூடுதல். முழு வட்ட நிலவு பிரியாத குடும்பத்தின் அடையாளம். இன்று சீனர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அறுவடையைச் சொல்பவர்கள் குறைவு.

விழா மக்களிடையே நிலைத்தது சோங் வம்சக் காலத்தில் (10–13ஆம் நூற்றாண்டு). சீனா 2006இல் இதைத் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொது விடுமுறையாக்கியது 2008இல்தான். ஹாங்காங்கில் மறுநாளே விடுமுறை. இரவெல்லாம் கண் விழித்தவர்களுக்கு அது எவ்வளவோ மேல்.

நிலவில் இருப்பவர்கள்

கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வானில் பத்துச் சூரியன்கள் தோன்றி உலகைப் பொசுக்கியபோது ஹோ யி என்ற வில்லாளி ஒன்பதை வீழ்த்தினான். சாகாமருந்து அவனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதை உண்ட அவன் மனைவி சாங்'இ நிலவுக்கு மிதந்து போனாள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு நூலில் அவள் மருந்தைத் திருடியவள். பிற்காலத்தில் பரவிய கதைகளில், தீயவன் கையில் அது சிக்காமலிருக்கத் தானே விழுங்கிய தியாகி. விழாவில் படையல் பெற வேண்டியவள் திருடியாக இருக்க முடியுமா? கதை திருந்திக்கொண்டது.

நாம் நிலவில் வடை சுடும் பாட்டியைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுகிறோம். சீனக் குழந்தைக்குக் காட்டப்படுவது உரலில் மருந்து இடிக்கும் முயல். சீனாவின் நிலவுக் கலங்களுக்கு சாங்'இ என்றும், 2013இல் நிலவில் ஓடிய ஊர்திக்கு முயலின் பெயரான யூட்டூ என்றும் பெயர் வந்தது இப்படித்தான். 2024இல் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து மண் கொண்டுவந்தது.

அறுவடை எந்தத் தட்டில் இருக்கிறது?

மூன்கேக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுப் படையலின் மற்ற தட்டுகளைப் பார்க்க வேண்டும். மூன்கேக்கில் இருப்பவை கோதுமை மாவு, சர்க்கரைப் பாகு, எண்ணெய், உலர்ந்த விதை, உப்பிட்ட முட்டை. வட சீனாவில் கோதுமை அறுவடை ஜூனிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, இது சரக்கறையில் இருப்பு வைத்த பொருள்களால் ஆன பண்டம். புதிதாக விளைந்தவை வேறு தட்டுகளில் இருக்கின்றன:

- சேப்பங்கிழங்கு: தெற்கே இதைத் தோலோடு வேகவைத்து, உரித்து, உப்பையோ சர்க்கரையையோ தொட்டுச் சாப்பிடுவார்கள். மண்ணிலிருந்து அப்போதுதான் தோண்டியது.
- பம்ப்ளிமாஸ்: தென் சீனாவின் இலையுதிர்காலப் பழம். குழந்தைகள் இதன் தடித்த தோலைத் தொப்பியாகப் போட்டுக்கொள்வார்கள். தோலைக் குடைந்து விளக்காக்குவதும் உண்டு.
- நீர்க்காய்கள்: யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதிக் குளங்களில் இரண்டு கொம்பு முளைத்த கறுப்புக் காய் ஒன்று விளைகிறது. வட இந்தியாவில் சிங்காடா என்று விற்கும் காய்க்கு இது உறவு. தாமரைக் கிழங்கும் இதே குளங்களின் பருவ விளைச்சல்.
- மாதுளை, பேரிக்காய், திராட்சை, பெர்சிமன்: வடக்கே நிலவுக்குப் படைக்கும் பழங்கள்.
- ஆஸ்மாந்தஸ் பூ: கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய மஞ்சள் பூ, ஆனால் ஒரு மரம் பூத்தால் தெருவே மணக்கும். இதை மதுவில் ஊறவைப்பார்கள், பாகிலும் இடுவார்கள். நிலவிலும் இந்த மரம் ஒன்று நிற்பதாக நம்பிக்கை.
- நண்டு: ஏரியில் வளரும், காலில் மயிர் அடர்ந்த நண்டு. ஆவியில் வேகவைத்து, இஞ்சி நறுக்கிப் போட்ட கறுப்பு வினிகரில் தொட்டுச் சாப்பிடுவார்கள். நண்டு உடலுக்குக் குளிர்ச்சி என்பது சீன வைத்தியக் கணக்கு. அதனால்தான் இஞ்சியும் வெதுவெதுப்பான மதுவும்.

அறுவடை மற்ற தட்டுகளில்தான் இருக்கிறது என்பது என் சொந்த ஊகம் மட்டுமல்ல. சோங் தலைநகர் கைஃபெங்கின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று இருக்கிறது. விழாவை ஒட்டி மதுக்கடைகள் அந்த ஆண்டின் புது மதுவை விற்றன; மக்கள் முண்டியடித்து வாங்கியதில் நண்பகல் தாண்டுவதற்குள் சரக்குத் தீர்ந்து, கடைக்காரர்கள் விளம்பரக் கொடியை இறக்கிவிட்டார்கள் என்கிறது அது. நண்டு, மாதுளை, பேரி, இலந்தை, கஷ்கொட்டை, திராட்சை எல்லாம் அப்போதுதான் சந்தைக்கு வந்தனவாம். அந்தப் பட்டியலில் மூன்கேக் இல்லை. எட்டாம் மாதம் 15ஆம் நாளில் ஒன்றுகூடலின் அடையாளமாக மூன்கேக்கை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள் என்ற தெளிவான செய்தி மிங் காலத்தில்தான் (14–17ஆம் நூற்றாண்டு) வருகிறது.

மங்கோலிய ஆட்சிக்கு எதிரான கலகத்தின்போது மூன்கேக்குக்குள் ரகசியச் சீட்டு வைத்து அனுப்பினார்கள் என்ற கதை எல்லாச் சுற்றுலாப் புத்தகத்திலும் இருக்கிறது. கேட்கச் சுவையாக இருக்கும். அந்தக் காலத்து ஆவணச் சான்று இல்லை.

மூன்கேக் ஏன் கெடுவதில்லை?

இந்தக் கேள்விதான் விழாவின் இன்றைய பொருளாதாரத்துக்குச் சாவி. உலகெங்கும் பரவிய, தென் சீனாவின் குவாங்டோங் மாகாணத்து வகையையே எடுத்துக்கொள்வோம்.

மேல்தோலுக்கு மூன்று பொருள்கள் முக்கியம்: கடலை எண்ணெய், காரநீர் (அமிலத்தை முறிக்கும் கரைசல்), நாள்பட்ட சர்க்கரைப் பாகு. குலோப் ஜாமூன் பாகு பூத்துப் போகாமலிருக்க எலுமிச்சை பிழிகிறோமே, அதே வேலைதான் இங்கும். புளிப்பில் மெதுவாகக் கொதிக்கும் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. அப்படிப் பிரிந்த சர்க்கரை மீண்டும் கல்லாக இறுகாது, ஈரத்தையும் பிடித்துவைக்கும். பாகின் புளிப்பை முறிக்கவும், அடுப்பில் தோல் செம்பழுப்பாகச் சிவக்கவும் காரநீர் உதவுகிறது.

பூரணம் பெரும்பாலும் தாமரை விதை விழுது. வேகவைத்து அரைத்த விதையைச் சர்க்கரையும் எண்ணெயும் ஊற்றி, அல்வா பதத்தில் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். அதற்குள் வாத்து முட்டை மஞ்சள் கரு. முட்டையை ஒரு மாதம்போல உப்புநீரில் ஊறப்போட்டால் உப்பு கருவின் நீரை இழுத்துவிடும். கரு இறுகி, எண்ணெய் கசியும் செம்மஞ்சள் உருண்டையாகும். இனிப்புக்கு நடுவே உப்பு. வெட்டினால் நிலவு தெரியும்.

பூரணத்தின் எடை தோலைப் போல மூன்று நான்கு மடங்கு. உருண்டையை மர அச்சில் அழுத்தி, அச்சை இடமும் வலமும் மேசையில் தட்டிக் கவிழ்த்தால், மேலே எழுத்தோடு பணியாரம் விழும். சிறிது நேரம் சுட்டு, வெளியே எடுத்து, முட்டைக் கரைசல் பூசி மீண்டும் சுடுவார்கள். அடுப்பிலிருந்து எடுத்ததும் சாப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். தோல் வறண்டு கடினமாக இருக்கும். இரண்டு மூன்று நாள் மூடிவைத்தால் பூரணத்தின் எண்ணெய் தோலுக்கு ஏறி, அது மிருதுவாகிப் பளபளக்கும். சீனர்கள் இதை எண்ணெய் திரும்புதல் என்கிறார்கள்.

இனி வரிசையாக யோசித்துப் பார்க்கலாம்:

1. சர்க்கரையும் எண்ணெயும் அதிகம். நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு வேண்டிய ஈரம் இல்லை.
2. ஆகவே வாரக்கணக்கில் கெடாது.
3. கெடாததால் பல நாள் முன்பே செய்து குவிக்கலாம், தொலைதூரம் அனுப்பலாம், ஒருவர் கொடுத்ததை இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம்.
4. அப்படிக் கைமாறும் பொருள் தின்பண்டமாக இருப்பதைவிடப் பரிசாக இருப்பதே அதிகம்.

சேப்பங்கிழங்கை யாரும் தங்கப் பெட்டியில் வைத்து மேலதிகாரிக்கு அனுப்புவதில்லை. நண்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கும் பரிசுச் சீட்டு உண்டு. புகழ்பெற்ற யாங்செங் ஏரியில் வேறு ஊர் நண்டைக் கொஞ்ச நாள் முக்கியெடுத்து ஏரி நண்டு என்று விற்பவர்களும் உண்டு. 'குளித்த நண்டு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சீட்டு, பெட்டி, சட்டம்

நிறுவனங்கள் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் மூன்கேக் கொடுப்பது சீனாவில் எழுதாத கடமை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், கடையில் கொடுத்து மூன்கேக் வாங்கிக்கொள்ளும் சீட்டு வந்தது. சீட்டை விற்கலாம் என்பதால் தரகர்கள் வந்தார்கள். சீனாவில் பலரும் வேடிக்கையாகச் சொல்லும் கணக்கு இது:

கடைக்காரர் 100 யுவான் சீட்டு ஒன்றை அச்சிட்டு முகவருக்கு 65க்கு விற்கிறார். முகவர் அதை ஒரு நிறுவனத்துக்கு 80க்கு விற்கிறார். நிறுவனம் ஊழியருக்கு இலவசமாகக் கொடுக்கிறது. மூன்கேக் பிடிக்காத ஊழியர் தரகரிடம் 40க்குத் தள்ளிவிடுகிறார். தரகரிடமிருந்து கடைக்காரரே 50க்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். கடைக்காரருக்கு 15, முகவருக்கு 15, தரகருக்கு 10, ஊழியருக்கு 40. நிறுவனம் கொடுத்த 80 யுவானும் பங்கிட்டாகிவிட்டது. ஒரு மூன்கேக்கூடச் சுடப்படவில்லை.

விற்காமல் தேங்கியவற்றை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். முந்தைய ஆண்டின் பூரணத்தைச் சேமித்து மறு ஆண்டு பயன்படுத்திய நான்ஜிங் நிறுவனம் ஒன்றை 2001 செப்டம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே அந்த நிறுவனம் திவாலானது. கெடாமல் இருக்கும் குணம் இப்படியும் பயன்பட்டது.

இவற்றைப் பார்த்தால், அரசின் தலையீடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்:

1. ஊழல் தடுப்பு. ஷி ஜின்பிங் ஆட்சிக்கு வந்தபின், 2013இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஒழுங்கு ஆணையம் பொதுப்பணத்தில் மூன்கேக் வாங்கிப் பரிசளிப்பதைத் தடை செய்தது. பெட்டிக்குள் பணமும் நகையும் போகும் வழி என்பதே ஐயம்.

2. உறைக் கட்டுப்பாடு. 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தேசியத் தரவிதித் திருத்தத்தின்படி உறை மூன்று அடுக்கைத் தாண்டக் கூடாது. 100 யுவானுக்கு மேல் விலையுள்ளவற்றில் உறையின் செலவு விலையில் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். விலையுயர்ந்த உலோகமும் செம்மரமும் கூடாது. மது, தேயிலை போன்றவற்றை அதே பெட்டியில் சேர்க்கக் கூடாது.

3. விலைக் கண்காணிப்பு. 500 யுவானைத் தாண்டும் பெட்டிகள் தனிக் கவனத்துக்கு உரியவை என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது.

சட்டம் உறையோடு மல்லுக்கட்டுவதற்குக் காரணம் இப்போது தெளிவாக இருக்கும். பரிசின் மதிப்பு பூரணத்தில் இல்லை, பெட்டியில்தான் இருந்தது. தரவிதியின் ஒவ்வொரு வரியும் அதை ஒப்புக்கொள்கிறது.

ஊருக்கு ஊர்

சியாமென் நகரத்தில் மூன்கேக் தின்பதைவிட அதற்காகப் பகடை உருட்டுவது முக்கியம். ஆறு பகடைகளை ஒரு பீங்கான் கிண்ணத்தில் வீசுவார்கள். மொத்தம் 63 பரிசுகள். பழைய அரசுத் தேர்வுப் பட்டங்களின் பெயரில் 32, 16, 8, 4, 2, 1 என்று அடுக்கியிருக்கும். ஒரேயொரு 'நான்கு' விழுந்தால் கடைநிலைப் பட்டம். நான்கு 'நான்கு'கள் விழுந்தால் முதல் மாணவர். ஒரே ஒரு பெரிய பரிசு அவருக்கு. 17ஆம் நூற்றாண்டில் மிங் தளபதி செங் செங்கோங்கின் படைவீரர்கள் வீட்டு ஏக்கம் தணிய ஆடிய ஆட்டம் என்பது உள்ளூர் நம்பிக்கை. இப்போது அலுவலகங்களில் ஷாம்புவும் சமையல் எண்ணெயும் பரிசாகின்றன. கிண்ணத்தில் பகடை உருளும் ஓசை மட்டும் மாறவில்லை.

ஹாங்காங்கின் டாய் ஹாங் பகுதியில், 1880இல் வந்த கொள்ளைநோயை விரட்டத் தொடங்கியதாகச் சொல்லும் நெருப்பு டிராகன் ஆட்டம் மூன்று இரவுகள் நடக்கிறது. 67 மீட்டர் நீளமுள்ள வைக்கோல் உடல் முழுக்க எரியும் ஊதுவத்திகளைச் செருகியிருப்பார்கள். தைவானில் அன்று எல்லாத் தெருவிலும் இறைச்சி சுடும் வாடை. 1980களில் சோயா சாஸ் விளம்பரங்கள் கிளப்பிவிட்ட பழக்கம் என்பார்கள்.

அதே நாளில் கொரியர்கள் சூசோக் கொண்டாடுகிறார்கள், வியட்நாமியர்களுக்கு அது குழந்தைகள் விழா, ஜப்பானியர்கள் அரிசி உருண்டை வைத்து நிலவு பார்க்கிறார்கள். நாள் ஒன்று, சடங்கும் பண்டமும் அவரவருடையவை.

மூன்கேக் வகைகள்: வாங்குபவர் கவனத்துக்கு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அக்கம்பக்கத்துச் சீனர்களிடமிருந்து ஒரு பெட்டியாவது வந்துவிடும். சைவ உணவுக்காரர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. சூசோ, தியோச்சியூ வகைகளின் அடுக்கடுக்கான தோல், மரபுப்படி பன்றிக் கொழுப்பில் செய்தது. ஷாங்காயில் சூடாக விற்கும் வகைக்குள் பன்றி இறைச்சியே இருக்கும். யுன்னான் வகையில் தேன் கலந்த ஹாம், அதாவது உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சி. குவாங்டோங் வகையில் மஞ்சள் கரு இல்லாவிட்டாலும் மேலே முட்டைப் பூச்சு இருக்கும்.

ஏமாற்றுவது ஐந்து பருப்பு வகைதான். வால்நட், பாதாம், எள், பூசணி இனத்து விதைகள் என்று பெயரைக் கேட்டால் முழுச் சைவமாகத் தெரியும். ஆனால் குவாங்டோங் முறையில் ஹாம் துண்டுகள் சேர்ப்பது வழக்கம். சீனாவிலும் இந்த வகைக்கு எதிரிகள் அதிகம். 2013இல் இணையத்தில் அதை மூன்கேக் குலத்திலிருந்தே விலக்கிவைக்கச் சொல்லி ஒரு கேலி இயக்கமே நடந்தது.

1980களின் இறுதியில் ஹாங்காங்கில் பிரபலமான பனித்தோல் வகை, சுடாத ஒட்டும் அரிசி மாவில் ஆனது. பெரும்பாலும் அதில் பால் சேரும். ஈரம் அதிகம் என்பதால் குளிர்பெட்டியிலேயே இருக்க வேண்டும். சில நாட்களுக்கு மேல் தாங்காது. சுட்ட வகையை எட்டுத் துண்டாக வெட்டிச் சர்க்கரையில்லாத தேநீரோடு பகிர்ந்துகொள்வார்கள். 180 கிராம் மூன்கேக் ஒன்றில் 700 கலோரிக்கு மேல் இருக்கும் என்பதால், ஒருவருக்கு ஒரு துண்டு தாராளம்.